லினக்ஸ் நிறுவியாயிற்று, கணினி பூட் ஆகவில்லை: வாசகர் கேள்வி பதில்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிவுக்கு வந்தது. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாததால் விண்டோஸ் 11 ஏற்க மறுத்த பழைய கணினிகளில் வாசகர்கள் பலர் அதன்பின் லினக்ஸை நிறுவத் தொடங்கியிருக்கிறார்கள். நன்றாக உழைக்கும் ஒரு கணினியைப் பழைய இரும்புக்குப் போடாமல் காப்பாற்றும் முடிவு இது என்பதால் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. ஆனால் நிறுவல் முடிந்து, மறுதொடக்கம் கொடுத்து, பென்டிரைவை உருவிய அடுத்த நொடியில் கருந்திரையைச் சந்தித்தவர்களின் கடிதங்களும் தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கங்களிலிருந்து தொடர்ந்து வருகின்றன. ஆகவே இந்த இதழில் அவர்களுடைய கேள்விகளை மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, மன்னார்குடியில் சிறிய டி.டி.பி. மையம் நடத்துகிறேன். திருமண அழைப்பிதழ், கும்பாபிஷேகப் பத்திரிகை, கருமாதிக் கடிதம் என்று பத்து ஆண்டு வேலை முழுவதும் டி டிரைவில் இருக்கிறது. விண்டோஸ் இருந்த சி டிரைவை அழித்து, அந்த இடத்தில் உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீட்டை நிறுவினேன். பக்கத்தில் 100 எம்.பி. அளவில் ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதாவது டிஸ்கின் தனிப் பகுதி, இருந்தது. அது எதற்கென்று தெரியாததால் அதையும் அழித்துவிட்டேன். நிறுவல் வெற்றி என்று வந்தது. ஆனால் மறுதொடக்கம் செய்தால் 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்ற ஒரே வரிதான். மூன்று முறை திரும்பத் திரும்ப நிறுவியும் அதே கதை. பார்க்க வந்தவர், டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்தால்தான் சரியாகும் என்கிறார். முகூர்த்த நாட்கள் நெருங்குகின்றன. என் கோப்புகள் போய்விட்டனவா?

பதில்: போகவில்லை அம்மா. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் டி டிரைவ் அப்படியே இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் ஃபார்மட் செய்ய யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்களுக்கு மட்டுமல்லாமல், கீழே கேள்வி கேட்டிருக்கும் எல்லோருக்கும் சேர்த்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மேட்டூரில் ஜூன் 12 அன்று தண்ணீர் திறந்தாயிற்று என்று செய்தி வருகிறது. நாட்கள் ஓடியும் கடைமடை வயலுக்கு வந்து சேரவில்லை. அப்போது நம் ஊர் விவசாயி யாரும் அணையை இடித்துக் கட்டச் சொல்வதில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்து, எந்த மதகுவரை தண்ணீர் வந்திருக்கிறது, எந்த மதகுக்கு இந்தப்புறம் காய்ந்து கிடக்கிறது என்று பார்க்கிறார். கணினி பூட் ஆவதும் இப்படிக் கைமாறி வரும் தண்ணீர்தான். மின்விசையை அழுத்தியதும் மதர்போர்டில் பதிந்திருக்கும் ஃபர்ம்வேர் விழிக்கிறது. அது டிஸ்கில் உள்ள க்ரப் என்னும் பூட் லோடரைத் தேடி எழுப்புகிறது. க்ரப், லினக்ஸின் மையப்பகுதியான கர்னலையும் அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றுகிறது. இவை டிஸ்கில் கோப்புகள் அடுக்கப்பட்டிருக்கும் உண்மையான கோப்பு முறைமையைக் கண்டுபிடித்துத் திறக்கின்றன. அதன் பிறகே சேவைகள் ஒவ்வொன்றாக இயங்கி, கடைசியில் உங்கள் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்கும் திரை வருகிறது. எங்கே நின்றுவிட்டது என்பதைத் திரையில் இருக்கும் வாசகமே சொல்லிவிடும். அதைப் படிக்காமல் மீண்டும் மீண்டும் நிறுவினால், அடைபட்ட மதகை விட்டுவிட்டு வயலை உழுதுகொண்டே இருப்பதாகத்தான் முடியும்.

உங்கள் கணினி முதல் மதகிலேயே நின்றிருக்கிறது. 'நோ பூட்டபிள் டிவைஸ்' என்றால், ஃபர்ம்வேர் தேடிய இடத்தில் பூட் லோடர் எதுவும் அகப்படவில்லை என்று பொருள். நீங்கள் வேண்டாததென்று அழித்த அந்த 100 எம்.பி. பார்ட்டிஷன்தான் அது தேடிய இடம். அதற்கு இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் என்று பெயர். ஃபேட் 32 முறையில் அமைந்த இந்தச் சிறு அறையில்தான், யு.இ.எஃப்.ஐ. என்னும் புதிய வகை ஃபர்ம்வேர் கொண்ட கணினிகள் தாம் எழுப்ப வேண்டிய இயங்குதளத்தின் பூட் லோடரை வைத்திருக்கின்றன. அளவில் சிறியதாக இருப்பதாலும், விண்டோஸில் அதற்கு டிரைவ் எழுத்து காட்டப்படாததாலும், பலர் அதைக் குப்பை என்று எண்ணி அழித்துவிடுகிறார்கள்.

அந்த அறை இல்லாதபோது உபுண்டு நிறுவி உங்களை எச்சரித்திருக்க வேண்டுமே, ஏன் எச்சரிக்கவில்லை? கடிதத்தைப் படித்ததும் எனக்கு எழுந்த முதல் கேள்வி இதுதான். பென்டிரைவை, யு.இ.எஃப்.ஐ.க்கு முந்தைய பழைய பயாஸ் முறையில் பூட் செய்திருப்பீர்கள் என்பதே பொருந்தி வரும் விடை. கணினியை இயக்கியவுடன் எஃப் 12 அல்லது அதற்கு இணையான விசையை அழுத்தி பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். உங்கள் பென்டிரைவின் பெயர் ஒரு முறைக்குப் பதிலாக இரண்டு முறை இருக்கும். ஒரு வரி வெறும் பெயருடன் இருக்கும். மற்றொன்றின் முன்னால் யு.இ.எஃப்.ஐ. என்ற எழுத்துகள் இருக்கும். வெறும் பெயர் உள்ள வரியைத் தேர்ந்தெடுத்தால், நிறுவி பழைய முறையில் இயங்கி, பழைய முறைக்கான பூட் லோடரையே எழுதும். யு.இ.எஃப்.ஐ. முறையில் மட்டும் தேடும் ஃபர்ம்வேருக்கு அது கண்ணில் படாது. இரண்டு வரிகளுக்கும் இடையே உள்ள அந்த நான்கு எழுத்துகள்தான் மூன்று முறை நிறுவிய உங்கள் உழைப்பைத் தின்றிருக்கின்றன.

இனி வேலைக்கு வருவோம். முதலில், யு.இ.எஃப்.ஐ. என்று தொடங்கும் வரியைத் தேர்ந்தெடுத்து, நிறுவாமல் வெறுமனே இயக்கிப் பார்க்கும் லைவ் முறையில் உபுண்டுவைத் திறங்கள். கோப்பு மேலாளரில் 'சிஸ்' கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்' கோப்புறையும், அதற்குள் 'இ.எஃப்.ஐ.' என்ற கோப்புறையும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் சரியான முறையில் வந்திருக்கிறீர்கள். இரண்டாவதாக, வேறு எதையும் தொடுவதற்கு முன், டி டிரைவைத் திறந்து கோப்புகள் முழுவதையும் வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் நகலெடுங்கள். விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் உள்ள டிரைவை லினக்ஸ் தயக்கமின்றிப் படிக்கும். நகலெடுத்த பின் ஏதேனும் இரண்டு அழைப்பிதழ் கோப்புகளைத் திறந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ள நினைக்கவே வேண்டாம்.

புதிய உபுண்டுவில் நீங்கள் இன்னும் எதையும் சேமித்து வைக்கவில்லை என்பதால், உங்களுக்கு எளிய வழி நான்காவது முறை நிறுவுவதே. ஆனால் இம்முறை பார்ட்டிஷன்களை நாமே தேர்ந்தெடுக்கும் முறையில் செல்லுங்கள். உபுண்டு இருந்த இடத்தை மட்டும் நீக்கி, அதில் முதலில் 500 எம்.பி. அளவில் இ.எஃப்.ஐ. சிஸ்டம் பார்ட்டிஷன் ஒன்றையும், மீதியில், லினக்ஸ் தங்கும் வேர்க் கோப்புறைக்காக எக்ஸ்ட் 4 என்ற லினக்ஸ் கோப்பு முறைமையில் ஒரு பார்ட்டிஷனையும் உருவாக்குங்கள். டி டிரைவுக்கு நேரே உள்ள ஃபார்மட் பெட்டியில் குறி இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். பூட் லோடர் எந்த டிஸ்கில் எழுதப்பட வேண்டும் என்று கேட்கும் இடத்தில் கணினியின் உள் டிஸ்கையே தேர்ந்தெடுங்கள்.

அதற்குப் பிறகும் அதே வாசகம் வந்தால், உங்கள் ஃபர்ம்வேர் தனக்குப் பழக்கமான பெயரை மட்டுமே தேடும் வகை என்று கொள்ளலாம். அத்தகைய கணினிகளுக்காகவே, இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனில் 'இ.எஃப்.ஐ.' என்ற கோப்புறைக்குள் 'பூட்' என்ற கோப்புறையில் 'பூட்எக்ஸ்64' என்ற பெயரில் ஒரு பூட் லோடரை வைக்கும் பொது வழக்கம் இருக்கிறது. லைவ் முறையில் நிறுவி இயக்கக்கூடிய பூட் ரிப்பேர் என்ற கருவி இந்தப் பொது இடத்திலும் ஒரு நகலை வைத்துத் தரும். வேறு சில மடிக்கணினிகளில் பயாஸ் திரையில் ஒரு மேற்பார்வைக் கடவுச்சொல்லை அமைத்த பின், உபுண்டுவின் பூட் கோப்பை நம்பகமானது என்று நாமே குறித்துக்காட்ட வேண்டியிருக்கும்.

கேள்வி: திருவையாற்றிலிருந்து எழுதுகிறேன். லினக்ஸ் மின்ட் நிறுவியபோது வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று கணினியில் சொருகியிருந்தது. இப்போது அந்த டிஸ்க் சொருகியிருந்தால் மட்டுமே மின்ட் வருகிறது, எடுத்துவிட்டால் வருவதில்லை. மின்ட் இருப்பதோ உள் டிஸ்கில்தான். இது எப்படி?

பதில்: வீடு ஓரிடத்திலும் சாவி வேறிடத்திலும் இருக்கிறது. பூட் லோடர் உங்கள் வெளி டிஸ்கில் எழுதப்பட்டுவிட்டது. வெளி டிஸ்கைச் சொருகி மின்ட்டைத் திறந்து, உள் டிஸ்கில் உள்ள இ.எஃப்.ஐ. பார்ட்டிஷனை பூட் கோப்புறைக்குள் உள்ள இ.எஃப்.ஐ. கோப்புறையில் மவுண்ட் செய்துவிட்டு, அதாவது இணைத்துவிட்டு, க்ரப் இன்ஸ்டால் கட்டளையையும் அதன் பின் அப்டேட் க்ரப் கட்டளையையும் இயக்குங்கள். எதை எங்கே மவுண்ட் செய்வது என்று குறித்து வைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பிலும், அதற்கான வரியை உள் டிஸ்கில் உள்ள அந்தப் பார்ட்டிஷனின் அடையாள எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். அதை மறந்தால் அடுத்த புதுப்பிப்பில் பழைய சிக்கல் திரும்பிவிடும். இனி நிறுவும்போது தேவையற்ற டிஸ்குகளையெல்லாம் கழற்றி வைத்துவிடுவது நல்லது.

கேள்வி: நான் தஞ்சாவூரில் கல்லூரி மாணவன். பழைய மேசைக் கணினியில் விண்டோஸுடன் லினக்ஸும் இருந்தது. இடம் போதவில்லை என்று விண்டோஸின் டிஸ்க் மேலாண்மைப் பகுதியிலிருந்து லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்கினேன். இப்போது இரண்டுமே வரவில்லை. 'நோ சச் பார்ட்டிஷன்' என்ற வரியும், அதன் கீழே 'க்ரப் ரெஸ்க்யூ' என்ற சொற்களும், துடிக்கும் கோடு ஒன்றும் மட்டுமே தெரிகின்றன.

பதில்: பழைய பயாஸ் முறையில், டிஸ்கின் முதல் 512 பைட்டுகளுக்கு எம்.பி.ஆர். என்று பெயர். அதில் பூட் நிரலுக்குக் கிடைப்பது 446 பைட்டுகள் மட்டுமே. எஞ்சியதில் பார்ட்டிஷன் அட்டவணை இருக்கிறது. அந்தக் குறுகிய இடத்தில் முழு க்ரப்பும் அடங்காது என்பதால், தொடக்கத் துண்டு மட்டும் அங்கே இருக்க, மற்ற கோப்புகள் லினக்ஸ் பார்ட்டிஷனில் இருக்கும். நீங்கள் அந்தப் பார்ட்டிஷனை நீக்கியதும், தொடக்கத் துண்டு விழித்துக்கொண்டு தன் உடலைத் தேடித் திகைத்து நிற்கிறது. விண்டோஸ் சேதமாகவில்லை.

லினக்ஸ் இனி வேண்டாம் என்றால், விண்டோஸ் நிறுவும் பென்டிரைவிலிருந்து பூட் செய்து, பழுதுநீக்கும் பகுதியில் கட்டளைத் திரையைத் திறந்து, பூட்ரெக் கட்டளையை ஃபிக்ஸ்எம்பிஆர் என்ற தேர்வுடன் இயக்கினால் விண்டோஸ் நேராக வரும். புதிய யு.இ.எஃப்.ஐ. கணினியாக இருந்தால் இதுகூட வேண்டாம். பூட் மெனுவில் விண்டோஸ் பூட் மேனேஜர் என்ற வரியைத் தேர்ந்தெடுத்தாலே போதும்.

லினக்ஸில் முக்கியமான கோப்புகள் இருந்தன, தெரியாமல் நீக்கிவிட்டேன் என்றால், காலியான அந்த இடத்தில் எதையும் எழுதாதீர்கள். லைவ் பென்டிரைவில் டெஸ்ட்டிஸ்க் என்ற கருவியை இயக்கினால், நீக்கிய பார்ட்டிஷனின் எல்லைகளைத் தேடிக் கண்டுபிடித்து அட்டவணையில் மீண்டும் சேர்க்க முடியும். புதிய பார்ட்டிஷன் உருவாக்கி ஃபார்மட் செய்த பிறகு இந்த வாய்ப்பு பெரும்பாலும் போய்விடும்.

வேறு சிலருக்கு லினக்ஸ் பார்ட்டிஷன் இருந்தும், அதன் வரிசை எண் மாறியதால் இதே திரை வரும். அவர்கள் அங்கேயே எல்.எஸ். என்று தட்டினால் டிஸ்கின் பார்ட்டிஷன்கள் அடைப்புக்குறிகளுக்குள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்து, பூட் கோப்புறை எதில் இருக்கிறது என்று கண்டுகொண்டு, ரூட், பிரிஃபிக்ஸ் என்ற இரண்டு மாறிகளையும் அந்த இடத்துக்குத் திருப்பி, இன்ஸ்மாட் நார்மல் என்றும் பிறகு நார்மல் என்றும் தட்டினால் பழக்கமான மெனு வந்து நிற்கும். உள்ளே சென்றதும் மறக்காமல் க்ரப்பை மீண்டும் எழுதிவிடுங்கள்.

கேள்வி: கும்பகோணத்தில் பொறியியல் படிக்கிறேன். என்விடியா கிராபிக்ஸ் உள்ள மடிக்கணினியில் உபுண்டு நிறுவினேன். மெனு வருகிறது, உபுண்டுவைத் தேர்ந்தெடுத்ததும் திரை கறுத்துவிடுகிறது. விசிறி மட்டும் சுற்றுகிறது. நண்பன் சொன்னான் என்று செக்யூர் பூட்டை அணைத்தேன். இப்போது விண்டோஸும் 48 இலக்க எண் ஒன்றைக் கேட்டுத் தடுக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: பயப்பட வேண்டாம் தம்பி. இரண்டும் தனித்தனிச் சிக்கல்கள். முதலில் விண்டோஸைக் கவனிப்போம். அந்த 48 இலக்கங்கள் பிட்லாக்கர் என்ற பூட்டின் மீட்புச் சாவி. நம்பகமான பூட் கோப்புகளை மட்டுமே இயங்கவிடும் பாதுகாப்பு ஏற்பாடுதான் செக்யூர் பூட்; அதன் நிலை மாறியதும், கணினியில் யாரோ கைவைத்துவிட்டார்கள் என்று கருதி அது சாவியைக் கேட்கிறது. செக்யூர் பூட்டை மீண்டும் இயக்கிவிட்டால் பெரும்பாலும் முன்போலவே திறந்துவிடும். திறக்கவில்லையென்றால், மைக்ரோசாஃப்ட் கணக்கை வைத்து விண்டோஸில் நுழைபவராயின், அந்தக் கணக்கின் இணையப் பக்கத்தில் கைபேசி வழியாகவே சாவியை எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் உள்ள கணினியில் பயாஸ் திரையைத் தொடும் முன் இந்தச் சாவியை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது கருந்திரை. க்ரப் மெனு வரை வந்துவிட்டதால் முதல் இரண்டு மதகுகளும் திறந்திருக்கின்றன. கர்னலும் பெரும்பாலும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதைத் திரையில் காட்டும் கிராபிக்ஸ் டிரைவர்தான் தடுமாறுகிறது. மெனுவில் உபுண்டு என்ற வரியின் மேல் நின்றுகொண்டு, என்டர் விசைக்குப் பதிலாக 'ஈ' விசையை அழுத்துங்கள். சில வரிகள் விரியும். அவற்றில் லினக்ஸ் என்ற சொல்லில் தொடங்கும் நீளமான வரியின் முடிவில் 'கொயட் ஸ்பிளாஷ்' என்று இருக்கும். அதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு 'நோமோட்செட்' என்ற ஒரே சொல்லை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் சேர்த்து, எஃப் 10 விசையை அழுத்துங்கள். திரையின் எழுத்துகள் சற்றுப் பெரிதாகவும் தெளிவின்றியும் இருந்தாலும் உபுண்டு வந்துவிடும். இந்த மாற்றம் அந்த ஒரு முறைக்கு மட்டுமே. உள்ளே சென்றதும், கூடுதல் டிரைவர்கள் என்ற பகுதியில் பரிந்துரைக்கப்பட்ட என்விடியா டிரைவரை நிறுவுங்கள்.

அந்த நிறுவலின் நடுவில் ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லும். அடுத்த முறை கணினி இயங்கும்போது நீல நிறத் திரை ஒன்று தோன்றி, ஏதேனும் ஒரு விசையை அழுத்தும்படி 10 நொடிகள் மட்டும் காத்திருக்கும். தேநீர் எடுக்க எழுந்து போனவர்கள் இதைத் தவறவிட்டு, டிரைவர் நிறுவியும் பயனில்லையே என்று எழுதுகிறார்கள். அதைத் தவறவிடாமல் ஒரு விசையை அழுத்தி, என்ரோல் எம்.ஓ.கே. என்ற வரியைத் தேர்ந்தெடுத்து, நீங்கள் உருவாக்கிய கடவுச்சொல்லைக் கொடுங்கள். செக்யூர் பூட் இயங்கிக்கொண்டிருக்கும்போதே புதிய டிரைவர் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிடும். அதை அணைக்க வேண்டிய தேவையே இருக்காது.

கேள்வி: நாகப்பட்டினம் அருகே ஒரு பள்ளியின் கணினி ஆய்வகத்தைக் கவனித்து வருகிறேன். சென்ற வாரம் லினக்ஸ் நிறுவிய கணினி ஒன்று, வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்வந்த பின் இயங்க மறுக்கிறது. 'பிஸிபாக்ஸ்' என்றும் 'இனிட்ராம்எஃப்எஸ்' என்றும் எழுத்துகள் வந்து நிற்கின்றன. இந்த வேலைக்கு நான் புதியவள். மாணவர்களின் செய்முறைப் பயிற்சிகள் அதில் இருக்கின்றன.

பதில்: ஆசிரியை அவர்களே, கர்னல் வரை தண்ணீர் வந்துவிட்டது, அதற்கு அடுத்த மதகான கோப்பு முறைமைதான் திறக்கவில்லை. அந்தக் கடைசி வரிக்கு மேலே உள்ள வரிகளைப் படியுங்கள். இரண்டில் ஒரு வாசகம் இருக்கும். இரண்டுக்கும் மருந்து வேறு.

ஒரு பார்ட்டிஷனின் பெயரைச் சொல்லி, கோப்பு முறைமையைச் சரிபார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை நீங்களே இயக்குங்கள் என்று இருந்தால், திடீர் மின்வெட்டில் பாதி எழுதப்பட்ட குறிப்புகள் முரண்பட்டு நிற்கின்றன என்று பொருள். எக்ஸ்ட் 4 கோப்பு முறைமை தான் செய்யப்போவதை ஜர்னல் என்ற குறிப்பேட்டில் முதலில் எழுதிவிட்டே செய்வதால், சாதாரண மின்வெட்டுகளைத் தானே சமாளித்துக்கொள்ளும். அதையும் மீறிய சேதத்துக்குத்தான் நம் உதவியைக் கேட்கிறது. அங்கேயே எஃப்எஸ்சிகே என்று தட்டி, திரையில் சொல்லப்பட்ட அதே பார்ட்டிஷன் பெயரைக் கொடுத்து, எல்லாக் கேள்விகளுக்கும் ஆம் என்று பதில் தரும் 'ஒய்' என்ற தேர்வையும் சேர்த்து இயக்குங்கள். முடிந்ததும் ரீபூட் என்று தட்டுங்கள். கணினி திறந்தவுடன் முதல் வேலையாகப் பயிற்சிக் கோப்புகளை வேறிடத்துக்கு நகலெடுங்கள்.

குறிப்பிட்ட அடையாள எண்ணைச் சொல்லி, அப்படி ஒரு டிஸ்கே இல்லை என்ற எச்சரிக்கை இருந்தால், எஃப்எஸ்சிகே உதவாது. டிஸ்க் கர்னலின் கண்ணில் படவே இல்லை. கடலோர ஊர் ஒன்றில் நான் பார்த்த கணினி இப்படித்தான் இருந்தது. அதற்குள் இரண்டு முறை லினக்ஸை மாற்றி நிறுவியிருந்தார்கள்; இரண்டு முறையும் சில நாள் ஓடிவிட்டு நின்றுவிட்டது. பக்கவாட்டு மூடியைத் திறந்தபோது, ஹார்ட் டிஸ்குக்குச் செல்லும் சிவப்பு நிற சாட்டா கேபிள் சற்றே சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். பொன்னிறமாகப் பளபளக்க வேண்டிய முனைகளில் இரண்டு மங்கிப்போய், உப்புக்காற்றின் பிசுக்கும் தூசியும் படிந்திருந்தன. வேறு கேபிளை மாற்றி, மதர்போர்டில் உள்ள துளையைத் தூய தூரிகையால் துடைத்து, 'டிக்' என்ற ஒலி கேட்கும்வரை அழுத்திச் சொருகியதும் கணினி ஒழுங்காக இயங்கியது. லினக்ஸில் பிழை எதுவும் இருக்கவில்லை. ஆகவே மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

கேபிளை மாற்றியும் சிக்கல் திரும்பினால் டிஸ்கின் உடல்நிலையைச் சோதிக்க வேண்டும். லைவ் முறையில் டிஸ்க்ஸ் என்ற செயலியைத் திறந்து, டிஸ்க் தன்னைப் பற்றித் தரும் ஸ்மார்ட் தகவல்களில் ரீஅலோகேட்டட் செக்டார், அதாவது பழுதாகி மாற்றப்பட்ட இடங்கள், என்ற வரியின் எண்ணைக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் அந்த எண் ஏறியிருந்தால் அந்த டிஸ்கில் மாணவர்களின் உழைப்பை இனி வைக்கக் கூடாது. ஆய்வகத்தின் யு.பி.எஸ். பேட்டரியையும் சோதிக்கச் சொல்லுங்கள். கணினியை முறையாக அணைப்பதற்கு வேண்டிய 5 நிமிடத்தை அது தந்தால் போதும்.

கேள்வி: திருவாரூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். கணக்குப் பார்க்கும் கணினியில் லினக்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. கூடுதல் டிரைவ் ஒன்றை ஃபார்மட் செய்த மறுநாளிலிருந்து, 1 நிமிடம் 30 நொடி என்று எண்ணிக்கொண்டே நின்று, பிறகு 'எமர்ஜென்சி மோட்' என்று வந்துவிடுகிறது.

பதில்: பழுதின் காரணத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது. ஒரு டிரைவை ஃபார்மட் செய்யும்போது அதன் யு.யு.ஐ.டி. என்ற அடையாள எண் புதிதாக மாறிவிடும். ஆனால் 'இ.டி.சி.' கோப்புறையில் உள்ள எஃப்எஸ்டேப் கோப்பில் பழைய எண்தான் எழுதியிருக்கிறது. இல்லாத டிரைவுக்காக லினக்ஸ் 90 நொடிகள் காத்திருந்துவிட்டு, கை விரிக்கிறது. எமர்ஜென்சி மோட் திரையில் கேட்கும் ரூட் கடவுச்சொல்லைக் கொடுத்து, அல்லது கேட்காவிட்டால் என்டரை அழுத்தி உள்ளே சென்று, நானோ செயலியில் அந்தக் கோப்பைத் திறந்து, குறிப்பிட்ட வரியின் தொடக்கத்தில் எண் குறியான ஹேஷ் ஒன்றை இடுங்கள். கண்ட்ரோல், ஓ விசைகளால் சேமித்து மறுதொடக்கம் செய்தால் கணக்கைத் திறந்துவிடலாம். பிறகு ஆற அமர, பி.எல்.கே.ஐ.டி. கட்டளை காட்டும் புதிய எண்ணை அந்த வரியில் எழுதி, தேர்வுகளுடன் 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்த்து, ஹேஷை நீக்கிவிடுங்கள். அதன் பின் அந்த டிரைவ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கணினி திறந்துவிடும். கடைக் கணக்கு உள்ள கணினிகள் எல்லாவற்றிலும், கூடுதல் டிரைவுகளுக்கு இந்தச் சொல்லைச் சேர்த்தே வைக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: மயிலாடுதுறையிலிருந்து எழுதுகிறேன். நிறுவிய அன்று லினக்ஸ் வருகிறது. இரவு சுவிட்சை அணைத்துவிட்டு மறுநாள் காலையில் இயக்கினால் வருவதில்லை; தேதியும் பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது.

பதில்: மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற பொத்தான் பேட்டரி தீர்ந்துவிட்டது. 3 வோல்ட் தரும் அந்தச் சிறு வட்டுதான், மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் பயாஸ் அமைப்புகளையும் காக்கிறது. அது ஓய்ந்ததும் அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பி, பூட் வரிசையும் பூட் முறையும் மாறிவிடுகின்றன. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். மாற்றிவிட்டு, பயாஸில் தேதியையும் பூட் வரிசையையும் சரிசெய்யுங்கள். லினக்ஸை மீண்டும் நிறுவ வேண்டாம்.

கேள்வி: பட்டுக்கோட்டையில் வசிக்கிறேன். பென்டியம் 4 கணினியில் லினக்ஸ் பென்டிரைவைப் போட்டால், 64 பிட் செயலி வேண்டும், இங்கே இருப்பது ஐ686 என்று ஆங்கிலத்தில் வந்து நின்றுவிடுகிறது. என் மகளுக்குப் பள்ளியில் கிடைத்த விலையில்லா மடிக்கணினியிலும் இதே சிக்கல் வருமா?

பதில்: மேசைக் கணினியின் செயலி 32 பிட் வகை. நீங்கள் பதிவிறக்கியது 64 பிட் கணினிகளுக்கானது. பெரிய வெளியீடுகள் 32 பிட்டை ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிட்டன. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 என்ற லினக்ஸ் வெளியீடுகூட அதற்கான நிறுவியை வழங்கவில்லை. டெபியன் 12இன் 32 பிட் பதிப்பைப் போட்டு, எல்.எக்ஸ்.டி.இ. போன்ற எளிய திரையமைப்புடன் பயன்படுத்தலாம். ஆனால் அதற்கான பாதுகாப்புப் புதுப்பிப்புகளும் ஒரு நாள் நின்றுவிடும் என்பதால், பணப் பரிமாற்றம் போன்றவற்றுக்கு அந்தக் கணினியைப் பயன்படுத்தாதீர்கள்.

தமிழக அரசு 2011இல் தொடங்கிய திட்டத்தில் வழங்கப்பட்ட மடிக்கணினிகளில் பலவற்றில், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே நிறுவப்பட்டு வந்தது. ஆகவே மகளின் மடிக்கணினியை இயக்கியதும் தோன்றும் மெனுவை முதலில் கவனியுங்கள்; லினக்ஸ் ஏற்கெனவே அதில் இருக்கக்கூடும். இருந்தால் அதன் டெர்மினலைத் திறந்து எல்.எஸ்.சி.பி.யு. என்று தட்டுங்கள். சி.பி.யு. ஆப்-மோட்ஸ் என்ற வரியில் 64 பிட் என்ற குறிப்பு இருந்தால், இப்போதைய வெளியீடுகளை அதில் தாராளமாக நிறுவலாம். மெனு வரவில்லையென்றால், விண்டோஸில் சிஸ்டம் தகவல் பக்கத்தில் செயலியின் வகையைப் பார்த்து எனக்கு எழுதுங்கள்; நினைவகம் எத்தனை ஜி.பி. என்பதையும் சேர்த்து எழுதினால், எந்த வெளியீடு பொருந்தும் என்று அடுத்த இதழில் சொல்கிறேன்.